குழந்தை உரிமைச் சட்டத்தில் எல்எல்.எம்: இங்கேயா, லெய்டனிலா?

வைகைக்கரை:
வணக்கம். ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. இறுதியாண்டு மாணவி. மேற்படிப்பு குழந்தை உரிமைச் சட்டத்தில்தான் என்று முடிவு. கிளாட் பிஜி (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் எல்எல்.எம். நுழைவுத் தேர்வு) எழுதி இங்கேயே சேர்வதா, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதா? ஆய்வுத் தலைப்பு 'இந்தியாவில் போக்சோ சட்ட நடைமுறை' என்று யோசித்திருக்கிறேன். பின்னாளில், குற்றம் சாட்டப்பட்ட சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலும், பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவிலும் வரும் வழக்குகளை நடத்த வேண்டும்.

சட்டவாசகன்:
வழக்கு நடத்த எல்எல்.எம். தேவையில்லை. பார் கவுன்சில் பதிவும் ஏஐபிஇ (அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு) தேர்ச்சியும் போதும். ஆழமாகப் படிக்கவும், பின்னால் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதிப் பாடம் நடத்தவும்தான் இந்தப் பட்டம்.

கிளாட் பிஜியில் 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு 0.25 குறையும். கேள்விகள் தீர்ப்புப் பகுதிகளை வைத்தே வரும். குறிப்புப் புத்தகத்தை மட்டும் நம்பினால் நேரம் போதாது. முக்கியத் தீர்ப்புகளை முழுதாகப் படித்துப் பழகுங்கள். யுஜிசி வழிகாட்டுதல்படி ஓராண்டு எல்எல்.எம். 24 கிரெடிட்: கட்டாயத் தாள் மூன்று, விருப்பத் தாள் ஆறு, மீதி ஆய்வேடு. குழந்தை உரிமைக்கென்று தனிப் பிரிவு பெரும்பாலான இடங்களில் கிடையாது. மனித உரிமை அல்லது குற்றவியல் பிரிவில் சேர்ந்து ஆய்வேட்டைத்தான் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அதனால் கல்லூரிப் பெயரைவிட, இந்தத் துறையில் எழுதும் வழிகாட்டி யார் என்று பார்த்துச் சேருங்கள்.

கோர்ட்வாசல்:
அந்தத் தலைப்பில் எழுதாதீர்கள், தங்கச்சி. ஓராண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்குக் கையில் நிற்பது சில மாதங்கள்தான். 'இந்தியாவில் போக்சோ' என்று எடுத்தால் பாதி ஆய்வேடு சட்டத்தின் வரலாறாகவே போய்விடும்.

முதலில் எந்த ஆவணம் கைக்குக் கிடைக்கும் என்று பாருங்கள், தலைப்பு அதிலிருந்து வரட்டும். கூர்நோக்கு இல்லத்தில் பிள்ளைகளிடம் பேச வேண்டுமென்றால் துறை அனுமதி, பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் இரண்டும் வேண்டும். அவை கைக்கு வருவதற்குள் பருவமே முடிந்துவிடலாம். குழுமத்தின் முன் வைக்கப்படும் அறிக்கைகள் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 99-இன்படி ரகசியம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டும் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன.

அவற்றை வைத்தே நல்ல கேள்வி எழுப்பலாம். உதாரணம், பிரிவு 15. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையுள்ளவரை வயது வந்தவராக விசாரிக்கலாமா என்று முடிவு செய்யக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்கிறது. செயலைச் செய்யும் மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், சம்பவச் சூழ்நிலை எல்லாம் அதில் வர வேண்டும். குழும உறுப்பினருக்கு உளவியல் பட்டம் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-இல் பருண் சந்திர தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மேல்முறையீடுகளில் உண்மையில் நிபுணர் அறிக்கை இருந்ததா? எத்தனை பக்கம்? பிள்ளையை எத்தனை முறை பார்த்து எழுதியது? தேடிக் கிடைக்கிற தீர்ப்புகளை ஒரு எக்செல் தாளில் போட்டு, கிடைவரிசைக்கு ஒரு தீர்ப்பு, நெடுவரிசைக்கு ஒரு கேள்வி என்று நிரப்புங்கள். நீங்கள் நிற்கப்போகும் நீதிமன்றத்தில் நாளை உங்களுக்கே பயன்படும்.

வயது நிர்ணயமும் நல்ல தலைப்பு. பிரிவு 94-இல் வரிசை தெளிவாக இருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2023-இல் யுவப்பிரகாஷ் வழக்கில் தமிழ்நாட்டிலிருந்து போன போக்சோ தண்டனை உச்ச நீதிமன்றத்தில் நிற்காமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

ஒன்றை மறக்காதீர்கள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஊர், பள்ளி, சம்பவ ஆண்டு மூன்றையும் சேர்த்து எழுதினால் அந்தப் பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பிரிவு 74 இதைத்தான் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆய்வேட்டுக்கு விலக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

திசைகாட்டி:
லெய்டன் பற்றி. அது உயர்நிலை எல்எல்.எம்., பன்னாட்டுக் குழந்தை உரிமைக்கென்றே உள்ள ஓராண்டுப் படிப்பு, 60 இசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்). அங்கே ஒரு இசிடிஎஸ் 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மதிப்பெண் 10-க்கு. 8 வாங்கினாலே மிக நல்லது, நம்மூர்க் கணக்கில் பார்த்துப் பயப்படாதீர்கள். விசா விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகமே அனுப்பும், ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். பலர் தடுமாறுவது இதில்தான்.

அங்கே படிப்பதை இங்கே அப்படியே வாதாட முடியாது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பர் 11-இல் இணைந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் முகப்புரையே அதைச் சொல்கிறது. ஆனால் தனிநபர் புகாருக்கான மூன்றாவது விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆகவே ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவுக்கு இங்கிருந்து புகார் போகாது. அதே குழு, 2019-இல் வந்த 24-ஆம் பொதுக் கருத்துரையில், 18 வயதுக்குக் கீழே யாரையும் வயது வந்தவராக விசாரிக்கக் கூடாது என்கிறது. நம் பிரிவு 15 நேர் எதிர். இந்த முரணை ஆராயத்தான் என்றால் லெய்டன் சரியான இடம். குழுமத்தில் நின்று வாதாடத்தான் என்றால் முதலில் இங்கே இரண்டு வருடம் பிராக்டிஸ் செய்துவிட்டுப் போங்கள். விண்ணப்பக் கடிதத்திலும் எழுத விஷயம் இருக்கும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி அண்ணா. பிரிவு 15-ஐ எடுக்கிறேன். தீர்ப்புகளை எந்த ஆண்டிலிருந்து தேடுவது?

கோர்ட்வாசல்:
சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 15. அங்கிருந்து தொடங்குங்கள், தாக்கூர் தீர்ப்பு வந்த 2022 ஜூலைக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெறும் 'ஜுவனைல்' என்று தேடினால் தத்தெடுப்பு வழக்கெல்லாம் வந்து குவியும். 'பிரிலிமினரி அசெஸ்மென்ட்' என்ற சொல்லோடு பிரிவு 15, 18(3), 101 மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.