9 வருஷம் 4 மாத வண்டி: சிவிடி கியர்பாக்ஸைச் சரிசெய்வதா, டிரேட்‑இன் கொடுப்பதா?

ஈசூன்வாசி:

வண்டி 1.6 பெட்ரோல் செடான், சிவிடி கியர் (பெல்ட், புல்லியில் ஓடும் ஆட்டோ கியர்). மீட்டரில் 152,000 கிலோமீட்டர். சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் 10 வருஷ உரிமம்) முடிய இன்னும் 8 மாதம். கடன் பாக்கி இல்லை.

சிக்னலில் கிளம்பி 20க்கும் 40க்கும் இடையே லேசாக மிதித்தால் வண்டி குலுங்குகிறது. சூடேறிய பிறகுதான் இப்படி. காலையில் கார்பார்க்கிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. மதியத்தில் ஏர்கான் குளிரவே மாட்டேன் என்கிறது. ஹம்ப் ஏறி இறங்கினால் முன்பக்கம் "டொக்".

ஒர்க்‌ஷாப்பில் சொன்ன விலை: கியர்பாக்ஸ் ரீகண்டிஷன் 4,800 வெள்ளி, ஏர்கான் கூலிங் காயில் 650, லோவர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கையின் ரப்பர்) இரண்டு பக்கமும் 380. ஆக 5,830. டீலர் டிரேட்‑இன்னுக்கு (பழையதை எடுத்துக்கொண்டு புது வண்டி விற்பது) 13,000 தருகிறார். கியரைச் சரிசெய்து கொண்டுவந்தால் 14,500 தருவாராம். பதிவின்போது கட்டிய ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) 19,000, சிஓஇ 51,000.

தினமும் துவாஸ் வரை ஷிஃப்ட் வேலைக்குப் போக வண்டி வேண்டும். செலவழித்து சிஓஇயை 5 வருஷம் ரினியூ செய்வதா, கொடுத்துவிடுவதா?

காகிதக்கணக்கு:

முதலில் டீலர் சொன்ன 13,000ஐப் பிரித்துப் பாருங்கள். 10 வயதுக்குள் பதிவை ரத்து செய்தால், 9 வயது தாண்டிய உங்கள் வண்டிக்குக் கட்டிய ஏஆர்எஃப்பில் 50% பார்ஃப் தள்ளுபடியாகத் திரும்பி வரும்: 9,500. சிஓஇயில் மீதமுள்ள 8 மாதத்துக்கு 51,000 × 8 ÷ 120 = 3,400. மொத்தம் 12,900. இது அரசாங்கம் உங்களுக்குத் தருவது. டீலர் தன் கையிலிருந்து தருவது நூறு வெள்ளி. அந்த நூறுக்குத்தான் உங்கள் வண்டியின் டயர், பேட்டரி, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லாம் போகிறது!

கியர்பாக்ஸ் நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும் இந்த 12,900 மாறாது. 1,500 கூடக் கிடைக்கும் என்று 4,800 செலவழித்தால் 3,300 நட்டம். கொடுக்கப் போகிற வண்டியில் ஸ்பேனர் வைக்காதீர்கள். சரிசெய்வது என்றால் ரினியூ செய்யப் போகிறீர்கள் என்று முடிவான பிறகுதான்.

ஏஆர்எஃப் தொகையை ஒன்மோட்டரிங் என்ற அரசு வாகனத் தளத்தில் சிங்பாஸ் போட்டு மறுபடி சரிபாருங்கள். அதில் "உண்மையில் கட்டிய ஏஆர்எஃப்" என்று இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். குறைந்த புகைக்கான சலுகை கழிந்த வண்டிகளில் அது ஓஎம்வியைவிடக் (சுங்கத்துறை மதிப்பிடும் இறக்குமதி விலை) குறைவாக இருக்கும்; பலர் ஓஎம்வியில் பாதி என்று போட்டு ஏமாறுகிறார்கள்.

டிரேட்‑இன்னில் இன்னொரு வித்தை ஓவர்டிரேட். பழைய வண்டிக்கு 3,000 கூட்டித் தந்துவிட்டு புது வண்டியின் தள்ளுபடியை அதே அளவு குறைத்துவிடுவார்கள். அதே புது வண்டியை டிரேட்‑இன் இல்லாமல் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பழைய வண்டிக்கு உண்மையில் கிடைக்கும் பணம். கூடவே ஸ்கிராப், எக்ஸ்போர்ட் செய்கிற மூன்று பேரிடம் பாடி விலை (அரசாங்கம் திருப்பித் தருவது போக, வண்டிக்கு மட்டும் தரும் பணம்) தனியாகக் கேளுங்கள்.

காத்திருந்தால் மாதம் 425 வெள்ளி சிஓஇயில் கரையும். பார்ஃப் 10 வயது முடியும்வரை 50 சதவீதத்திலேயே நிற்கும். வண்டி வேண்டியிருந்தால் இந்த 425 வாடகைதான். இவ்வளவு மலிவாக யாரும் வாடகைக்குத் தரமாட்டார்கள்.

ஸ்பேனர்12:

கணக்கு சரிங்க. ஆனா 4,800ங்கிறது எதைப் பார்த்துச் சொன்ன விலை? ஓட்டிப் பார்த்துட்டு "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு சொல்லியிருந்தா நம்பாதீங்க. 20–40ல குலுங்கறதுக்கு சிவிடி ஒரு காரணம்தான். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கற ரப்பர்), அழுக்கடைஞ்ச த்ராட்டில் பாடி, நாலுமே ஏறக்குறைய இதே மாதிரி காட்டும்.

மொதல்ல மவுண்ட். பானெட்டைத் திறந்து வச்சு, ஒருத்தர் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு டி, ஆர் மாத்தட்டும். எஞ்சின் துள்ளி எழுந்தா மவுண்ட் அறுந்திருக்கு. ஹைட்ராலிக் மவுண்ட்டா இருந்தா கீழே கறுப்பா எண்ணெய் கசிஞ்ச தடம் இருக்கும். டி‑ல நிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்து, என்‑க்கு மாத்தினா அடங்குதுன்னாலும் சந்தேகம் மவுண்ட் மேலதான்.

அடுத்து ஸ்கேனர் போட்டு நாலு சிலிண்டரோட மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியா எரியாம தப்பறது) எண்ணிக்கையை ஓட்டத்துல பாருங்க. எஞ்சின் லைட் எரியலைன்னாலும் இந்த எண்ணிக்கை ஏறியிருக்கும். உதாரணமா மூணாவது சிலிண்டர்ல ஏறினா, அதோட காயிலைக் கழட்டி ஒண்ணாவதுல மாட்டுங்க. மிஸ்ஃபயரும் ஒண்ணாவதுக்கு நகர்ந்தா காயில் கெட்டது. நகரலைன்னா பிளக்கைப் பாருங்க. இரிடியம் பிளக்குக்கே ஒரு லட்சம் கிலோமீட்டர்தான் கணக்கு. உங்க வண்டி 152,000. மாத்தின பில் இருக்கா?

இது ரெண்டும் சுத்தமா இருந்தாதான் சிவிடி. டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டர்ல பி0776 மாதிரி பிரஷர் சாலினாய்டு கோடு இருக்கான்னு பாக்கணும். அதுக்கு சாதாரண கோடு ரீடர் போதாது, கியர்பாக்ஸ் மாடியூலைப் படிக்கிற ஸ்கேனர் வேணும். அப்புறம் ஆயில் பேனைக் கழட்டச் சொல்லுங்க. உள்ளே காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறத்துல மசி மாதிரி படிஞ்சிருந்தா அது சாதாரணத் தேய்மானம். விரலால தேய்ச்சா பளபளன்னு செதில் குத்துதுன்னா பெல்ட்டோ புல்லியோ அரைபடுது. ஆயில் மாத்தி அதைக் காப்பாத்த முடியாது.

செதில் இல்லாம ஆயில் மட்டும் கறுத்திருந்தா, அந்த கியர்பாக்ஸ் கம்பெனி சொன்ன சிவிடி ஆயிலையே ஊத்தி ஓட்டிப் பாருங்க. ஒரு தடவை வடிச்சா பாதி அளவுதான் வெளிய வரும், மீதி டார்க் கன்வர்ட்டர்லயும் வால்வு பாடியிலயும் நிக்கும். அதனால சில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி வடிச்சு ஊத்தணும். சாதாரண ஆட்டோ கியர் ஆயில் (ஏடிஎஃப்) ஊத்திடாதீங்க, பெல்ட் வழுக்கும். அளவை ஆயில் சூடு கம்பெனி சொன்ன டிகிரிக்கு வந்தப்பறம்தான் பார்க்கணும். ஆறின வண்டியில அளந்து ஊத்தினா சூடானதும் அளவு மீறி, நுரைச்சு, அதுவே ஒரு குலுக்கலைக் கொண்டுவரும்.

ஏர்கானுக்கும் கூலிங் காயில்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. மதியம் நின்னுக்கிட்டு இருக்கும்போது மட்டும் குளிரலைன்னா, கண்டென்ஸர் (முன்னாடி ரேடியேட்டர் பக்கத்துல இருக்கற ஏர்கான் பாகம்) மேல ஒரு பாட்டில் தண்ணி ஊத்துங்க. உடனே குளிர்ந்தா ஃபேன் மெதுவா சுத்துது, இல்லேன்னா கண்டென்ஸர் அடைப்பு. காயில் ஓட்டைன்னா யூவி டை போட்டு, தண்ணி சொட்டற குழாய்ல பச்சையா வருதான்னு காட்டணும். காட்டாம டாஷ்போர்டைக் கழட்ட விடாதீங்க.

புஷ் மட்டும் எப்படியும் மாத்தணும், அது பாதுகாப்பு. மாத்தினதும் வீல் அலைன்மென்ட்.

பத்துக்குமேல்:

ரினியூ செய்யும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். கட்ட வேண்டியது பிகியூபி, அதாவது கடந்த 3 மாத சிஓஇ ஏலவிலையின் நகரும் சராசரி. 10 வருஷத்துக்கு முழுத்தொகை, 5 வருஷத்துக்கு பாதி. கணக்குக்கு ஒரு லட்சம் என்று வைப்போம்.

5 வருஷம்: 50,000, ரினியூ செய்த கணத்தில் கைவிட்டுப் போகும் பார்ஃப் 9,500, ரிப்பேர் 5,830. ஆக 65,330, வருஷத்துக்கு 13,066. பார்ஃப்பைச் செலவில் சேர்க்காமல் "வருஷம் பத்தாயிரம்தான்" என்று பேசுபவர்கள் அதிகம். 10 வருஷம் என்றால் 115,330, வருஷத்துக்கு 11,533. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் ரேடியேட்டர், ஆல்ட்டர்னேட்டர், கம்ப்ரெஸர் எல்லாம் வரிசையில் நிற்கும்.

5 வருஷம் எடுத்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை, முடிந்ததும் வண்டி போயாக வேண்டும். 10 எடுத்தால் இன்னொரு முறையும் நீட்டிக்கலாம். நடுவில் ரத்து செய்தால் மீதக் காலத்துக்கான சிஓஇ பணம் திரும்பும்.

சாலை வரி 1,598 சிசிக்கு இப்போது வருஷம் சுமார் 742. பத்து வயது தாண்டியதும் 10% கூடுதல், ஒவ்வொரு வருஷமும் இன்னொரு 10 ஏறி 50 சதவீதத்தில் நிற்கும், அதாவது சுமார் 1,113. பரிசோதனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பது போய் வருஷாவருஷம். முழுக் காப்பீடு தர முன்வரும் நிறுவனங்களும் குறையும், அதனால் பிகியூபி கட்டுவதற்கு முன்பே விலை கேட்டு வையுங்கள்.

புது வண்டியின் தொல்லை முன்பணம். ஓஎம்வி 20,000 வரை என்றால் விலையில் 70% கடன், அதற்கு மேல் 60%, அதிகபட்சம் 7 வருஷம். 165,000 வெள்ளி வண்டிக்கு 30 சதவீதமே 49,500. உங்கள் 12,900 அதில் கால்பங்குதான். பழைய வண்டியின் 50% பார்ஃப்பை அப்படியே புது வண்டிக்கும் போட்டுத் தேய்மானம் கணக்கிடாதீர்கள். சதவீதமும் உச்சவரம்பும் வண்டி எப்போது பதிவாகிறது என்பதைப் பொறுத்தது.

உபிக்காரன்:

"ஸ்பேனர் வைக்காதீர்கள்" என்பதில் ஒரு திருத்தம். சில மாடல்களை டீலர்களே வாங்கி, ரினியூ செய்து, சிஓஇ வண்டியாக விற்கிறார்கள். அப்படிப்பட்ட மாடல் என்றால் காகித மதிப்புக்கு (அரசாங்கம் திருப்பித் தரும் தொகைக்கு) மேல் கணிசமாகத் தருவார்கள், அப்போது கியர் நிலைமை விலையைப் பாதிக்கும். உங்களுக்கு வந்த விலை நூறு வெள்ளி பாடி. அதைப் பார்த்தால் உங்கள் மாடல் அந்த வகை இல்லை என்றுதான் படுகிறது.

ரீகண்டிஷன் தவிர, ஹாஃப்‑கட் கியர்பாக்ஸ் (வெட்டிப் பிரித்த பழைய வண்டியிலிருந்து எடுத்தது) என்று ஒரு வழி உண்டு. மலிவு. ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, வாரண்டி கொடுத்தாலும் குறுகிய காலம்தான். 8 மாதம் ஓட்டி முடிக்கச் சரி. 10 வருஷ ரினியூவலுக்கு வைக்காதீர்கள். எல்லை தாண்டி ஜேபியில் (ஜொகூர் பாரு) செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். புஷ், பிரேக் போன்றவற்றுக்குப் போகலாம் (முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது). கியர்பாக்ஸுக்கு வேண்டாம், மறுபடி குலுங்கினால் வாரண்டிக்கு டோ வண்டியில் பாலம் தாண்ட வேண்டும்.

ஈசூன்வாசி:

நன்றி. மவுண்ட் துள்ளவில்லை. மிஸ்ஃபயர் நான்கிலும் பூஜ்யம். பேன் காந்தத்தில் செதில் இருக்கிறது, ஆயிலில் கருகிய வாடை. கண்டென்ஸரில் தண்ணீர் ஊற்றியதும் ஏர்கான் குளிர்ந்தது. அப்படியென்றால் ரினியூ வேண்டாம் என்று நினைக்கிறேன். 8 மாதத்தையும் ஓட்டித் தீர்க்கலாமா?

ஸ்பேனர்12:

ஓட்டலாம், ஆனா கடைசி நாள்வரைக்கும் திட்டம் போடாதீங்க. செதில் ஓட ஆரம்பிச்சா என்னைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது, பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல நடு லேன்ல நின்னா ஆபத்து. அழுத்தி மிதிக்காதீங்க, குலுங்கற வேகத்துல இழுத்துப் பிடிக்காம சீராத் தாண்டிடுங்க. ஏர்கானுக்கு ஃபேனா, கண்டென்ஸர் அடைப்பான்னு பாத்து அது மட்டும், அப்புறம் புஷ், அவ்வளவுதான் செலவு. கூலிங் காயில்ல கை வைக்க வேண்டியதே இல்ல.

காகிதக்கணக்கு:

அதே கருத்து. பாடி விலைகளை இப்போதே வாங்கி வையுங்கள், வண்டி நின்றால் அன்றே கொடுக்கலாம். பத்து வயதுக் கெடு நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் பார்ஃப் மொத்தமும் போச்சு.

பதிவு ரத்தான நிமிஷத்திலிருந்து வண்டி சாலையில் ஓடவும் கூடாது, பொது இடத்தில் நிற்கவும் கூடாது. அதனால் யார்டில் கொண்டுபோய் விட்ட பிறகு ரத்து செய்யுங்கள். ஸ்கிராப் அல்லது எக்ஸ்போர்ட் ஆன சான்று ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பார்ஃப், சிஓஇ பணம், மீதமுள்ள சாலை வரி யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மீதக் காப்பீட்டுக்கு நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். ஹவ்சிங் போர்டு சீசன் பார்க்கிங் வண்டி எண்ணோடு சேர்ந்தது, அதையும் அன்றே நிறுத்துங்கள். சாலைக் கட்டணத்துக்குக் கார்டு போடுகிற கருவியாக இருந்தால் சாவி கொடுக்கும்முன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.