கெவேயில் என்னையும் சேர்த்துக்கொண்ட ஒரு ‘நம்’

பெருவுக்குப் போகிறவர்கள் குஸ்கோவிலிருந்து மாச்சு பிச்சு பக்கம் போய்த் திரும்பிவிடுவார்கள். நான் போனது அதற்கு எதிர்த் திசையில், கானாஸ் மாகாணத்தில் இருக்கும் கெவே மாவட்டத்துக்கு. சுமார் 3,700 மீட்டர் உயரம். வீட்டிலும் வயலிலும் கெச்சுவாதான் பேச்சு. ஜூன் இரண்டாவது வாரம் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாக்கா என்ற புல் கயிற்றுப் பாலத்தை வருடாவருடம் புதிதாகக் கட்டுவார்கள், அதைப் பார்க்கத்தான் போனேன்.

எனக்கு ஓரளவு ஸ்பானிஷ் தெரியும், சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் வீட்டு வாசலிலேயே அது செல்லவில்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன், சிரித்தார், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் பேத்திதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

கோயா என்று ஒரு புல். அறுத்துக் காயவைத்து, கல்லால் தட்டி, தண்ணீரில் நனைத்தால் நார் மாதிரி வளையும். பாட்டி இரண்டு கொத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். ஒரு கொத்து மெலிய ஆரம்பித்ததும், தீர்வதற்குள் நாலைந்து புல்லைச் செருகிவிடுவார். எங்கேயும் முடிச்சு கிடையாது. நான் கேட்டு வாங்கித் திரித்தது ஒரு முழம்கூட வராது, அதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. பாட்டி அதைப் பிரித்துப்போட்டு முதலிலிருந்து திரித்தார். கோபம் ஒன்றும் இல்லை. ஆள் நடக்கப்போகிற கயிறு அது.

உவின்சிரி, சவுபிபாண்டா, சோக்காய்வா, கொல்லானா கெவே என்று நாலு சமூகங்கள், குடும்பத்துக்கு ஒரு பங்கு கயிறு. வேலை தொடங்கும் முன் பாகோ எனப்படும் பூசாரி பூமித்தாயான பச்சமாமாவுக்கும், மலைத் தெய்வங்களான அபுக்களுக்கும் படையல் வைக்கிறார். அப்புறம் ஆண்கள் அந்த மெல்லிய கயிறுகளைச் சேர்த்து முறுக்கித் தேர்வடம் மாதிரி ஆக்குகிறார்கள். நடக்க நாலு வடம், கைப்பிடிக்கு இரண்டு. பழைய பாலத்தை அறுத்து ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். மூன்று நாள் வேலை, நாலாம் நாள் கொண்டாட்டம்.

கட்டும்போது பெண்கள் பாலத்தருகே வரக்கூடாது என்பது மரபு. நானும் மேட்டில்தான் நின்றேன். இது எனக்கு உறுத்தியது, இன்னமும் உறுத்துகிறது. அவர்கள் உள்ளங்கையில் உருண்ட கயிறுதானே அவ்வளவும்!

மூன்றாம் நாள் சாயங்காலம் பாலம் இழுத்துக் கட்டி முடிந்ததும் பாட்டி கையை நீட்டி, “சாக்காஞ்சிஸ்” என்றார். சாக்கா என்றால் பாலம். பேத்தி அதை ஸ்பானிஷில் சொன்னாள். அந்த மொழியில் ‘எங்கள்’, ‘நம்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். கெச்சுவாவிலோ நம்மைப் போலவே இரண்டும் தனித்தனி. நொக்காஞ்சிஸ் என்றால் நாம், நொக்காய்க்கு என்றால் நாங்கள். வழியில் ஓட்டுநரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். ‘சாக்காய்க்கு’ என்று சொல்லியிருந்தால் எங்கள் பாலம். பாட்டி சொன்னது நம்ம பாலம். ஸ்பானிஷில் அது விழுந்துபோனது. எனக்குத் தமிழில் அப்படியே வந்து நின்றது.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் 2019 ஆகஸ்டில் அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறேன். 28 மீட்டர் சொச்சம்தான், ஆனால் நடுவில் போனதும் பக்கவாட்டில் ஆடும். வடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஊர்க்காரர் ஒருவர் ‘எதிர்க் கரையைப் பாருங்கள்’ என்று சைகையில் காட்டினார்.

கொரோனாவால் 2020இல் புதுப்பிக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததும் கற்களையோ கயிற்றையோ இல்லை, கட்டும் அறிவையும் சடங்கையும்தான்.

எங்கள் ஓட்டுநர் ஒன்று சொன்னார். 1975இல் கெச்சுவா ஆட்சிமொழி ஆனது, ஆனால் அதற்குப் பிறகும் வகுப்பில் கெச்சுவா பேசினால் தனக்கு அடி விழுந்ததாம். தன் பிள்ளைகளிடம் அவர் கெச்சுவாதான் பேசுகிறார். சரி, பாட்டிக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

*

தம்பி, எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவர் சொன்ன ‘சாக்காஞ்சிஸ்’ஐயே திருப்பிச் சொன்னேன். பாட்டி மடியில் இருந்த துணியைப் பிரித்து, ஒரு கை கோக்கா இலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.