புதுப்பிப்பு: ஒற்றை டெஸ்ட் மட்டும் ஓடாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் புலம்பியிருந்தேனே, கோடைச் சோதிக்கும் டெஸ்டுகளை மொத்தமாக ஓட்டினால் எல்லாம் பச்சை (பாஸ்), ஒரே ஒரு டெஸ்டைத் தனியாக ஓட்டினால் மட்டும் 'நோ டெஸ்ட்ஸ் ஃபவுண்ட் ஃபார் கிவன் இன்க்ளூட்ஸ்' (கேட்ட டெஸ்ட் எதுவும் இல்லை) என்று பில்ட் கருவியான கிரேடில் கைவிரிக்கிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

கேஷை அழித்தது, கோடு எழுதும் மென்பொருளான இன்டெல்லிஜேயை மூடித் திறந்தது எல்லாம் வீண் வேலை. கோப்பின் தலையில், எந்த லைப்ரரியிலிருந்து எடுக்கிறோம் என்று சொல்லும் இம்போர்ட் வரியைப் பார்த்திருந்தால் போதும். 'ஓஆர்ஜி.ஜேயூனிட்.டெஸ்ட்' என்று இருந்தது. அது ஜாவா டெஸ்ட் லைப்ரரியான ஜேயூனிட்டின் பழைய பதிப்பு, ஜேயூனிட் 4. புராஜெக்டோ ஜேயூனிட் 5, அதில் பழைய டெஸ்டுகளை ஓட்டும் வின்டேஜ் எஞ்சினும் சேர்க்கவில்லை. அதனால் அந்த டெஸ்ட் யார் கண்ணிலும் படவே இல்லை. மொத்தமாக ஓட்டும்போது மற்ற டெஸ்டுகள் ஓடி முடிந்ததால் இது விடுபட்டது தெரியவில்லை. தனியாகக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

இம்போர்ட்டை 'ஓஆர்ஜி.ஜேயூனிட்.ஜூப்பிட்டர்.ஏபிஐ.டெஸ்ட்' என்று மாற்றினேன். சரி, ஓடியது. ஆனால் உடனே நல் பாயின்டர் பிழை (மதிப்பே வைக்காத ஒன்றைப் பயன்படுத்தினால் வருவது)! டெஸ்டுக்கு முன் தயார் செய்யும் பழைய 'பிஃபோர்' அப்படியே கிடந்தது, ஜேயூனிட் 5-இன் ஜூப்பிட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. 'பிஃபோர்ஈச்' என்று மாற்றியதும் அதுவும் போச்சு.

அப்புறம் டெஸ்ட் சிவப்பாகத்தான் (ஃபெயில்) வந்தது. தேதிக் கணக்கில் நிஜமாகவே ஒரு பிழை. அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.