சராசரி வேகம் 63 ஆகாமல் 56 ஆவது ஏன்?

கேள்வி (சிங்கப்பூரின் ஜூரோங்கில் வசிக்கும் ஒரு தாய்):
வணக்கம். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகளுக்குத் தரப்பட்ட கணக்கு இது. பிஐஇ விரைவுச்சாலையில் துவாஸ் நோக்கி ஒரு கார் மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் 42 கிலோமீட்டர் செல்கிறது; மாலை நெரிசலில் அதே தூரத்தை மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து திரும்புகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? அவள் இரண்டு வேகங்களையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 63 என்கிறாள். விடை 56. சூத்திரத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறாள். காரணம் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளக்கலாம்?

மறுமொழி (துணைப்பாட ஆசிரியர்):
அம்மா, வேகங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு வேகத்திலும் கார் எவ்வளவு நேரம் ஓடியது என்று முதலில் அவளிடம் கேளுங்கள். போவதற்கு அரை மணி நேரம். திரும்புவதற்கு ஒரு மணி நேரம். மெதுவாக ஓடிய நேரம் இரண்டு மடங்கு என்பதால், சராசரி 42-இன் பக்கமே சாய வேண்டும். மொத்தத் தூரமான 84 கிலோமீட்டரை மொத்த நேரமான ஒன்றரை மணியால் வகுத்தால் 56 கிடைக்கிறது. 56 என்பது 42-இலிருந்து 14 தள்ளியும் 84-இலிருந்து 28 தள்ளியும் நிற்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நேரங்களுக்கிடையே உள்ள ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதமே அங்கும் தெரியும். அவளுடைய 63 எப்போது சரியாகும் என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்: ஒவ்வொரு வேகத்திலும் ஒரு மணி நேரம் ஓடினால், 126 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்து, சராசரி 63 ஆகிவிடும். வேகம், தூரம், நேரம் மூன்றையும் முக்கோணத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் முறை ஒரு கட்டப் பயணத்துக்குப் போதும். இத்தகைய கணக்குகளில் அதை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (பொறியியல் மாணவர்):
அலகுகளிலும் கவனம் தேவை. ஒன்றரை மணி நேரம் என்பது 1.5, அதை 1.30 என்று கணிப்பானில் இட்டால் விடை மாறிவிடும். 20 நிமிடம் என்பது மூன்றில் ஒரு பங்கு மணி நேரம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது 3,600 வினாடிகளில் 90,000 மீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேரத்தை வைத்து விளக்கியதும் புரிந்துகொண்டாள். இப்போது அவள் கேட்கிறாள்: போகும்போது 42 வேகத்தில் போயிருந்தால், முழுப் பயணத்தின் சராசரி 84 ஆக, எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்?

மறுமொழி (துணைப்பாட ஆசிரியர்):
அருமையான கேள்வி! எந்த வேகத்தாலும் முடியாது. மொத்தம் 84 கிலோமீட்டருக்குச் சராசரி 84 வேண்டுமென்றால் முழுப் பயணமும் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் போகும்போதே தீர்ந்துவிட்டது.