புதுப்பிப்பு: பெரம்பூர் மொட்டை மாடி நாய்

போன வாரம் எழுதினேனே, எதிர்வீட்டுக்காரர் தன் நாயை மொட்டை மாடியில் முழ நீளச் சங்கிலியில் கட்டி, குடைக்கம்பியால் அடிக்கிறார் என்று? புகார் கொடுத்தாகிவிட்டது. “அம்பது ரூபா கட்டிட்டு வேற நாய் வாங்குவான்” என்றீர்கள். உண்மைதான், 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். டீ, பஜ்ஜி காசு!

ஆனால் 29-ஆம் பிரிவு இருக்கிறது. தண்டனை பெற்றவர் விலங்கே வளர்க்கக் கூடாதென்று நீதிமன்றம் நிரந்தரமாகவே தடை போடலாம். சும்மா கிடைக்காது: தடை கேட்கப்போவதைப் புகாரிலேயே எழுதியிருக்க வேண்டும், அவரிடம் விலங்கு இருந்தால் மறுபடி வதைபடும் என்பதற்குச் சான்று வேண்டும், வளர்ப்பு உரிமம் கட்டாயமான ஊராகவும் இருக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதனால் சரி.

தடை கேட்கப்போகிறோம் என்ற வரியைச் சேர்த்துப் புகாரை மறுபடி கொடுத்திருக்கிறோம். அப்புறம், வீடியோ வைத்திருப்பவர்கள் தேதி தெரியும்படி அனுப்புங்கள்.