1944 பர்மா முனை ஆஸ்பத்திரி வார்டு: நாடகத்துக்கு விவரம் வேணும்

பாளை நாடகக்காரன்:
வணக்கம். பாளையங்கோட்டையில ஒரு நாடகம் போடுதோம். காலம் 1944, இம்பால் சண்டை நேரம். நாங்குநேரிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இந்திய இராணுவ மருத்துவப் படையில நர்சிங் சிப்பாய், அசாம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில வேலை. கதை முழுக்க ஒரே வார்டு. ஒரு பகல், ஒரு ராத்திரி. வசனம் எழுதியாச்சு. ஆனா பேசிக்கிட்டு இருக்கும்போது அவன் கை என்ன செய்யும்னு தெரியலை. இப்போதைக்கு ஆபரேஷன் காட்சி ஒண்ணு, தையல் போடுற காட்சி ஒண்ணு, கட்டிலுக்கு மேல குளுக்கோஸ் பை. கடைசியில பென்சிலின் ஊசி போட்டதும் ஒருத்தன் கண்ணு முழிக்கான். விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு, அக்காமாரு சொல்லுங்க. என்ன சாமான், என்ன வேலை, எது தப்பாப் போகும்?

ஓ.டி. சிஸ்டர்:
தம்பி, முதல்ல அந்தக் குளுக்கோஸ் பையைக் கழட்டுங்க. பிளாஸ்டிக் பை அப்போ ஏது? கண்ணாடி பாட்டில், சிவப்பு ரப்பர் டியூப், சொட்டு விழுறதைப் பார்க்க நடுவுல சின்னக் கண்ணாடிக் குழாய், அமுக்குறதுக்கு ஒரு கிளிப். அவ்வளவுதான்.

பென்சிலினைப் போர்க்காயத்துக்கு வட ஆப்பிரிக்காவுல சோதிச்சுப் பார்த்ததே 1943-லதான். அடுத்த வருஷம் பர்மா முனையில அது அளந்து எடுத்து வைக்கிற சரக்கு. ஒரு ஊசியில எவனும் எழுந்து உட்கார மாட்டான். போட்ட மருந்து சிறுநீர்ல சீக்கிரம் வெளியேறிரும். அதனால மூணு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, ராத்திரியும் சேர்த்து. ஆளுக்கு நாளைக்கு 8. வார்டுல 20 பேருக்குன்னா 160. உங்க பையன் ராத்திரி முழுக்க என்ன செய்வான்னு கேட்டீங்கல்லா, இதுதான். அரிக்கேன் லைட்டு, பிரைமஸ் ஸ்டவ்வு, கொதிக்கிற தட்டு, அப்புறம் ஊசி. ஒரு சுற்று முடியும்போது அடுத்ததுக்குத் தண்ணி வைக்கணும்.

அப்போ சிரிஞ்சு கண்ணாடி. அதைக் கொதிக்க வைக்க முறை இருக்கு. குழாயையும் தண்டையும் தனித்தனியாக் கழட்டி, காஸ் துணியில சுத்தி, பச்சைத் தண்ணியில போட்டுச் சூடேத்தணும். கொதிக்கிற தண்ணியில நேரா போட்டா விரிசல் விடும். 20 நிமிஷம் கொதிச்சபிறகு ஆற விட்டு மாட்டணும். சூட்டோட மாட்டினா தண்டு இறுகிக்கிடும், அப்புறம் யார் இழுத்தாலும் வராது. கத்தரி, இடுக்கி துருப்பிடிக்காம இருக்கத் தண்ணியில சலவைச் சோடா போடுவாங்க. அந்தத் தண்ணியில வெந்த சிரிஞ்சுல பென்சிலினை எடுக்கக் கூடாது, காரம் பட்டா மருந்து வீரியம் செத்துரும். புதுசா வந்தவன் செய்யுற தப்பு இது. நாடகத்துல வைக்கலாம்.

ஊசியைத் தூக்கிப் போட மாட்டாங்க. துவாரத்துல மெல்லிசுக் கம்பி செருகி வைப்பாங்க, இல்லைன்னா அடைச்சுக்கிடும். முனை மழுங்கினா எண்ணெய்க் கல்லுல தீட்டணும். தீட்டினதும் முனையைப் பஞ்சுல இழுத்துப் பார்க்கணும். நூல் சிக்கினா பிசிறு இருக்கு, திரும்பத் தீட்டு. வசனம் பேசிக்கிட்டே செய்யத் தோதான வேலை.

மாவுக்கட்டு:
சிஸ்டர் சொன்னதுல மாத்தம் இல்ல. தையல் காட்சிய வெட்டிருங்க. குண்டுக்காயத்தை அன்னைக்கே தைச்சு மூட மாட்டாவ. செத்த சதைய அரிஞ்சு எடுத்துட்டு, திறந்தபடியே விட்டு, வாசலின் காஸ் வச்சு, எலும்பு முறிவு இருந்தா மேல மாவுக்கட்டு. நாலஞ்சு நாள் கழிச்சு, புண்ணு சுத்தமா இருந்தாத்தான் தையல். காரணம் மண்ணுல கிடக்குற கிருமி. காத்துப் படாத செத்த சதையில பெருகி வாயு உண்டாக்கும். தசை வீங்கும், அமுக்கினா நறநறங்கும், ஒரு மாதிரி நாத்தம் வரும். அந்தக் கட்டத்துல காலை எடுத்தாலும் உயிர் நிக்கிறது சிரமம். எந்தச் சதை உயிரோட இருக்குன்னு சர்ஜன் பாக்குறது எப்படி? நிறம் இருக்கணும், வெட்டினா ரத்தம் வரணும், இடுக்கியால கிள்ளினா சுருங்கணும்.

மாவுக்கட்டுச் சுருள் தயாரா வராது, வார்டுலயே செய்யணும். பையனை உக்கார வச்சு இதைச் செய்யச் சொல்லுங்க, பாக்கவும் நல்லாயிருக்கும். காஸை ஆறு இஞ்சு அகலத்துல கிழிச்சு, மேசையில விரிச்சு, மாவைத் தூவி, உள்ளங்கையால தேய்ச்சுத் தேய்ச்சுத் தளர்வாச் சுருட்டணும். இறுக்கிச் சுருட்டினா நடுவுல தண்ணி ஏறாது. சுருட்டினதைத் தகர டப்பாவுல மூடி வைக்கணும். அசாம் மழைக்கு மூடி சரியில்லாட்டா ரெண்டு நாள்ல டப்பாவுக்குள்ளயே கட்டியாயிரும். கட்டும்போது வெதுவெதுப்பான தண்ணியில முக்கி, குமிழி நின்னதும் எடுத்து, ரெண்டு நுனியையும் பிடிச்சு லேசாப் பிழியணும். நடுவுல பிழிஞ்சா மாவெல்லாம் தண்ணியோட போயிரும்.

ஈரம் காயுமுன்னே கட்டு மேலயே மை பென்சிலால எழுதிருவாவ: அடிபட்ட தேதி, ஆபரேஷன் தேதி, எலும்பு உடைஞ்ச இடம் படமா. கார்டு தொலையும், கட்டு தொலையாது. டக்கோட்டா விமானத்துலயோ லாரியிலயோ அனுப்புறதுக்கு முன்ன கட்டை நெட்டுவாக்குல பிளந்து விடணும். பிளக்காம அனுப்பினா வழியில வீங்கி ரத்த ஓட்டம் நின்னுரும். விரல் வெளுக்கும், சில்லுன்னு ஆகும், மரத்துப் போகும், அசைக்கச் சொன்னா வலியில கத்துவான். அப்ப வலி மருந்து கொடுத்துத் தூங்க வச்சா காலு போச்சு. கட்டை மட்டும் பிளந்தாப் பத்தாது; ரத்தம் ஊறிக் காஞ்ச காஸும் இறுக்கும். தோல் தெரியுற வரைக்கும், கடைசி நூல் வரைக்கும் வெட்டணும்.

பொருநைக்கரை சுகாதாரம்:
சிஸ்டரும் மாவுக்கட்டு அண்ணாச்சியும் காயத்தையே பேசுகிறீர்கள். 1943-இல் அந்த முனையில் காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். அந்த முனையில் 14-ஆவது படையின் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்லிம் சொன்ன கணக்கு. மலேரியா, சீதபேதி, புதர்க்காட்டு உண்ணிக் காய்ச்சல். நாடகத்தில் ஒரு காய்ச்சல்காரன்கூட இல்லையென்றால் அது அசாம் வார்டே அல்ல. பத்துக் கட்டில் போட்டால் எட்டில் காய்ச்சலும் பேதியும் படுக்கட்டும்.

மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் மாத்திரை நாளுக்கு ஒன்று. வரிசையில் நிறுத்தி, கண்முன்னால் விழுங்க வைப்பார்கள். ஆண்மை போய்விடும் என்று வதந்தி; பலர் நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பினார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை நடத்தி, நூற்றுக்கு 95 பேர் உடம்பிலாவது மருந்து இல்லாத படைப்பிரிவின் தளபதியைப் பதவியிலிருந்து தூக்கினார். மாத்திரை சாப்பிட்டவர் தோல் மஞ்சளாகும். ஒப்பனைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: நோயாளி, சிப்பாய், டாக்டர் எல்லாருக்கும் முகத்தில் மஞ்சள், கண் வெள்ளை மட்டும் வெள்ளையாகவே. கண்ணும் மஞ்சளானால் அது காமாலை. பொழுது சாய்ந்தால் கொசு கடிக்காமல் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட வேண்டும். இது உத்தரவு.

அடுத்தது தண்ணீர். தண்ணீரைச் சுத்தமாக்க எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஹாராக்ஸ் பெட்டி என்று ஒன்று உண்டு. இராணுவ மருத்துவர் ஹாராக்ஸ் உருவாக்கியது, சுகாதார ஆய்வாளர் படிப்பில் இன்றும் கற்றுத் தருகிறார்கள். ஒரு கறுப்புக் கோப்பை, ஆறு வெள்ளைக் கோப்பை. கறுப்பில் ஒரு தலைதட்டிய கரண்டி, அதாவது 2 கிராம் பிளீச்சிங் பவுடர். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கோடு வரை நிரப்பிக் கலக்கித் தெளிய விடுங்கள். வெள்ளைக் கோப்பைகளில் சோதிக்க வேண்டிய தண்ணீர். முதல் கோப்பையில் தெளிவுநீர் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஆறு வரை. அரை மணி நேரம் காத்திருந்து, ஒவ்வொன்றிலும் காட்டி மருந்து (குளோரின் மிச்சமிருந்தால் நீலமாக்குவது) மூன்று சொட்டு. நீலம் தெளிவாக வரும் முதல் கோப்பை எத்தனையாவதோ, 455 லிட்டருக்கு அத்தனை கரண்டி. மூன்றாவது என்றால் 6 கிராம். ஆறிலும் நீலம் வராவிட்டால் தண்ணீர் கலங்கல், அல்லது பவுடர் வீரியம் போனது. ஐப்பசியில் தாமிரபரணி செம்மண்ணாக வரும்போது பவுடர் எவ்வளவு கொட்டினாலும் பத்தாதல்லவா, அதே காரணம்தான்: அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்க வேண்டும். மேடையில் நீல மை போதும்.

பாளை நாடகக்காரன்:
ரொம்ப நன்றி. தையல் காட்சியோட ஆபரேஷன் காட்சியையும் வெட்டிட்டோம். சீதபேதி வார்டை மேடையில காட்டினா ஜனங்க முகஞ்சுளிக்குமேன்னு யோசனையா இருக்கு. அங்க சிப்பாய்க்கு என்ன வேலை?

ஓ.டி. சிஸ்டர்:
பெட்பேனைத் துணி போட்டு மூடித்தான் தூக்குவாங்க, ஈ மொய்க்கக் கூடாது. அதனால பார்க்கிறவங்களுக்கும் பிரச்சினை இல்லை. ஆனா உடனே கொட்ட மாட்டாங்க, டாக்டர் பார்க்கணும். எத்தனை தடவை, சளியா ரத்தமான்னு கட்டில் கால்மாட்டுச் சார்ட்டுல குறிக்கணும். அமீபாவான்னு மைக்ராஸ்கோப்புல பார்க்கணும்னா சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போகணும். ஆறினா அமீபா அசையாது, கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால பையன் வார்டுக்கும் லேபுக்கும் ஓடிக்கிட்டே இருப்பான். அமீபான்னு தெரிஞ்சா எமெட்டின் ஊசி. அது இதயத்தைத் தாக்கும், அதனால ஆளு கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே கூடாது. தெம்பா இருக்கேன்னு எழுந்து நடக்கிறவனைப் பிடிச்சுப் படுக்க வைக்கிறது ஒரு சண்டை. கிருமி பேதின்னா சல்பாகுவானிடின் மாத்திரை, உப்புத் தண்ணி பாட்டில். கடைசியில கிரிசால்ங்கிற கிருமிநாசினி கலந்த தண்ணியில கை கழுவணும். ஒவ்வொரு ஆளைத் தொட்ட பிறகும்.

மாவுக்கட்டு:
இன்னொண்ணு. காயம்பட்டு வாரவன் நெத்தியில பென்சிலால 'எம்'னு எழுதி நேரமும் போட்டிருக்கணும், மார்பின் ஊசி போட்டாச்சுன்னு அர்த்தம். அதிர்ச்சியில உடம்பு சில்லுன்னு இருக்கிறவனுக்குத் தோலுக்கடியில போட்ட மருந்து அங்கேயே நிக்கும். வலி தீரலைன்னு ரெண்டாவது ஊசி போட்டுட்டு, கம்பளி போத்தி, ரத்தம் ஏத்துனா ரெண்டும் ஒண்ணா உள்ள இறங்கி மூச்சு நின்னுரும். ஆள் இறங்கினதும் உங்க பையன் நெத்தியப் பாக்கட்டும். காயத்தைப் பாக்குறது அப்புறம்.