கறுப்பு வெள்ளைப் பட விசிடி, டிவிடி: எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது, எப்படிக் காப்பாற்றுவது?

நாழிகை58 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 1950, 60களில் வந்த தமிழ்ப் படங்கள் கிட்டத்தட்ட 140 விசிடி செட்டும் 60 டிவிடியும் கைவசம் இருக்கு. 28 ரூபாய்க்கு விசிடி வித்த மோசர் பேர் கம்பெனியே 2018ல கலைப்புக்குப் போயாச்சு. மத்த கம்பெனிகளும் பழைய படங்களைத் திரும்பப் போடுற மாதிரி தெரியல. அதனால இருக்கிறதை ஒழுங்கா வைக்கணும். சந்தேகம் நாலு.

ஒரே படம் ஒரு டிவிடியில் 2 மணி 40 நிமிஷம், இன்னொண்ணுல 2 மணி 46 நிமிஷம் 40 செகண்ட். குறைவா இருக்கிறது வெட்டின பிரதியா? அதைக் கழிச்சிடலாமா?

சில டிவிடி சரியா இடைவேளை சமயத்துல கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடுது. அடியில ஒரு கீறல்கூட இல்லை.

விசிடியைக் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணினா பாதியில எரர்.

பழைய பிளாஸ்டிக் ஆல்பத்துல வெச்ச வட்டெல்லாம் உறையோட ஒட்டிக்குது. என்ன செய்யலாம்?

பதினாறுபிரேம் எழுதியது:

கழிக்காதீர்கள். அது வெட்டு இல்லை, வேகம். படச்சுருள் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படக்கட்டம்) ஓடும். நம்ம ஊர் டிவி முறையான பி.ஏ.எல். நொடிக்கு 25. இருக்கும் பிரேமை ஒன்றுவிடாமல் அப்படியே 25ல் ஓட்டினால் படம் சீக்கிரம் முடிந்துவிடும். நீங்கள் சொன்ன 2:46:40ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், அச்சு அசலாக 2:40:00 வரும். நீளமான பதிப்பு அனேகமாக வெளிநாட்டுத் தமிழருக்காகப் போட்ட என்.டி.எஸ்.சி. (அமெரிக்க டிவி முறை) வட்டாக இருக்கும், அதில் நேரம் மாறாது. பி.ஏ.எல். வேகத்தில் பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். டி.எம்.எஸ். குரல் மெலிந்து கேட்பது அதனால்தான். பாட்டுக்காகப் படம் பார்ப்பவர் என்றால் என்.டி.எஸ்.சி. வட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே வெட்டா என்று பார்க்க அடிக்கணக்கு இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் வட்டை நிறுத்துங்கள். நீளம் அடியிலோ மீட்டரிலோ போட்டிருக்கும். 35 எம்.எம். சுருளில் 1 அடிக்கு 16 பிரேம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. 15,000 அடி என்றிருந்தால் 166 நிமிடம் 40 நொடி. மீட்டர் என்றால் 27.43ஆல் வகுக்க வேண்டும். வட்டு நேரம் பி.ஏ.எல். கணக்கைப் போட்ட பிறகும் 2 நிமிடத்துக்கு மேல் குறைந்தால் ஏதோ போயிருக்கிறது, பெரும்பாலும் ஒரு பாட்டு. ஒன்று கவனம்: மறுவெளியீட்டுக்கு வாங்கிய சான்றிதழாக இருந்தால் அதுவே குறைந்த நீளத்தைத்தான் காட்டும். தேதியைப் பாருங்கள். பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் பாட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது இன்னும் நல்லது. ஆனால் புத்தகத்தில் அச்சாகிப் படத்தில் இடம்பெறாத பாட்டுகளும் உண்டு.

அடுத்தது சட்டகம், அதாவது படத்தின் அகல உயர அளவு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரைப் படம்) 1973ல் வந்த ராஜராஜ சோழன். உங்களிடம் உள்ள 50, 60களின் படங்களெல்லாம் ஏறக்குறைய சதுரமாகத்தான் தெரிய வேண்டும். அகலத்திரை டிவி முழுக்க நிறைந்து தெரிகிறது என்றால் இரண்டில் ஒன்று: ஆட்களை இழுத்துக் குண்டாக்கியிருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்ததை பிளேயரில் 4:3 வைத்தால் சரியாகிவிடும். வெட்டினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது போனதுதான். நிற்கும் ஆளின் நெற்றி முடியோடு இருக்கிறதா, நடனக் காட்சியில் பாதம் தெரிகிறதா என்று பாருங்கள்.

'மூன்று படம் ஒரே டிவிடி' வகையை நம்பாதீர்கள். 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு (தகவல் ஒரே படலத்தில் உள்ள) வட்டில் 8 மணி நேரப் படத்தை அடைத்தால் படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு 1.3 மெகாபிட்தான் கிடைக்கும். விசிடியே அதே அளவுதான். 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் ஒரே படம் என்றால் 7 வரை போகும்.

வட்டுக்காரன் எழுதியது:

இடைவேளையில நிக்கிறதுக்குக் காரணம் சொல்றேன். இரட்டை அடுக்கு டிவிடியில முதல் அடுக்கு உள்ளே ஆரம்பிச்சு வெளி விளிம்பை நோக்கிப் போகும். இரண்டாவது அடுக்கு வெளியே ஆரம்பிச்சு உள்ளே திரும்பும். அதனால படத்தோட நடுப்பகுதி வட்டோட விளிம்புல இருக்கு. டிவிடிங்கிறது 0.6 மி.மீ. தடிமனுள்ள ரெண்டு தகடு, நடுவுல பசை. பசை ஓரத்துல சரியா மூடலைன்னா காத்தும் ஈரமும் உள்ளே போய் பிரதிபலிக்கிற உலோகப் படலம் அரிக்கும். அரிப்பு விளிம்புலதான் தொடங்கும், படம் இடைவேளைலதான் நிக்கும். ஒற்றை அடுக்கு டிவிடியும் விசிடியும் விளிம்புல முடியும், அதனால அங்கே அரிச்சா கிளைமாக்ஸ்தான் போகும்.

வட்டை ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க. ஓரத்துல காப்பிக்கறை மாதிரி பழுப்பு இருந்தாலும், ஊசிக்குத்து மாதிரி வெளிச்சம் தெரிஞ்சாலும் அரிப்புதான். கழுவினாலும் தேய்ச்சாலும் திரும்பாது. இது பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி பார்த்து வர்றதில்லை. அமெரிக்காவுல வார்னர் 2006 முதல் 2008 வரை அழுத்தின டிவிடிகள்லயே இது நிறைய வந்து, 2025ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஊசிக்குத்து தெரியுற வட்டை முதல் வேலையா காப்பி எடுங்க. நல்லா ஓடுறது பொறுத்திருக்கும்.

எடுக்கிற விதம்: லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு, கெட்ட வட்டுலேர்ந்து படிச்சு எடுக்கிற நிரல். பிளாக் அளவு 2048. முதல் சுற்றுல கெட்ட இடத்தைத் தாண்டிப் போகச் சொல்லுங்க, அடுத்த சுற்றுல கெட்ட இடத்தை மட்டும் 3 தடவை முயலச் சொல்லுங்க. எது படிச்சாச்சு, எது பாக்கின்னு மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும். அதே மேப் ஃபைலோட வட்டை வேற டிரைவ்ல போட்டா பாக்கி இடம் இன்னும் கொஞ்சம் நிரம்பலாம். அதே அச்சின் இன்னொரு வட்டு கிடைச்சா அதை வெச்சும் நிரப்பலாம், ரெண்டு வட்டும் அதே இடத்துல கெட்டிருக்கிறது குறைவு. ஆனா ஒரே மாஸ்டர்லேர்ந்து (மூல அச்சு) அழுத்தினதா இருக்கணும். நடு ஓட்டையைச் சுத்தி கண்ணாடி மாதிரி இருக்கிற வளையத்துல பொடி எழுத்துல குறியீடு இருக்கும், ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. அந்த வளையத்துல எதுவும் இல்லாம அடிப்பக்கம் ஊதாவா இருந்தா அது வீட்டுல எரிச்ச வட்டு, காசு கொடுத்து வாங்காதீங்க.

பதினாறுபிரேம் எழுதியது:

டிவிடி இருக்கும் படத்துக்கு விசிடியைத் தூக்கிப் போடலாம் என்று நினைக்கிறேன். 352க்கு 288 புள்ளி, பெரிய டிவியில் பார்க்கவே முடியாது.

வட்டுக்காரன் எழுதியது:

அதை மட்டும் ஒத்துக்க மாட்டேன் சார். விசிடியும் டிவிடியும் பல சமயம் வேற வேற பிரிண்ட்லேர்ந்து எடுத்தது. டிவிடியில தேஞ்சு குதிக்கிற ரீல் முனை விசிடியில முழுசா இருக்கும், விட்டுப்போன பாட்டும் இருக்கலாம். அடிக்கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. போயிட்ட ஒரு பாட்டு மங்கலா கிடைச்சாலும் கிடைச்ச மாதிரிதான்.

காப்பி எரர் விஷயம்: விசிடியில படம் இருக்கிற செக்டர் (வட்டுல தகவல் பிரிச்சு வெச்ச துண்டு) 2324 பைட். சாதாரண டேட்டா சிடியில 2048 போக மிச்சத்துல பிழை திருத்தும் குறியீடு இருக்கும். விசிடி அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துடுச்சு. அதனால ஐஎஸ்ஓவா (சாதாரண டேட்டா வட்டு மாதிரி ஒரே நகல் ஃபைலா) எடுத்தா படம் வராது. படம் இருக்கிற .dat ஃபைலை இழுத்துப் போட்டா ஒரு கீறல்லயே விண்டோஸ் கையை விரிச்சிடும். விசிடி செக்டரை நேரா படிச்சு, பிழையைத் தாண்டிப் போகிற கருவி வேணும். வேகத்தை 4 மடங்குக்குள்ள குறைங்க. கெட்ட செக்டர்ல ஒரு நொடி படம் சிதறும், அவ்வளவுதான். மறுபடி சுருக்காதீங்க, கிடைச்ச எம்பெக்கை (விசிடியோட வீடியோ ஃபைல்) அப்படியே வைங்க.

இடம் பெரிசா வேணாம். விசிடி நிமிஷத்துக்கு சுமார் 10.5 எம்பி, 160 நிமிஷப் படம் 1.7 ஜிபி. உங்க 140 செட்டும் 240 ஜிபிக்குள்ள. 60 டிவிடியும் இரட்டை அடுக்கா இருந்தாலே 510. ஆக 1 டெராபைட் டிரைவ் ரெண்டு வாங்கி, ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏத்தி, ஒண்ணை வேற வீட்டுல வைங்க. உங்க வட்டு, உங்க உபயோகம், வெளியே கொடுக்காதீங்க.

நாழிகை58 எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. அடிக்கணக்கு போட்டுப் பார்த்தேன், 9 படம் முழுசா இருக்கு, 2 படத்துல மட்டும் 4 நிமிஷத்துக்கு மேல காணோம். ஆல்பத்துல ஒட்டினதை எப்படிப் பிரிக்கிறது? இழுத்தா லேபிள் உரிஞ்சிடுமோன்னு பயம்.

ஈரக்காற்று எழுதியது:

இழுக்காதீங்க, விசிடின்னா நிச்சயமா போயிடும். டிவிடியில உலோகப் படலம் ரெண்டு தகட்டுக்கு நடுவுல பத்திரமா இருக்கு. விசிடியில லேபிளுக்கு நேர் கீழே மெல்லிசா வார்னிஷ், உடனே படலம். லேபிள் உரிஞ்சா படமும் சேர்ந்து உரியும். அதே காரணத்துக்குத்தான் விசிடி மேல பால்பாயிண்ட் பேனாவால எழுதக் கூடாது, ஸ்டிக்கரும் ஒட்டக் கூடாது.

ஒட்டுறதுக்குக் காரணம் பிவிசி உறை. அதை வளைய வைக்கிற எண்ணெய் வெயில் காலத்துல கசியும். உறையை மூணு பக்கமும் கத்திரியால வெட்டித் திறந்துட்டு, வட்டை அசைக்காம, பிளாஸ்டிக்கை மட்டும் மடக்கி மெதுவா உருட்டிக்கிட்டே எடுங்க. அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, விரல் நுனி. பருத்தித் துணியால நடுவுலேர்ந்து விளிம்புக்கு நேரா துடைங்க, வட்டமா வேண்டாம். குறுக்கே விழுந்த கீறலை பிளேயர் சமாளிக்கும், தடத்தோட போகிற கீறலைச் சமாளிக்காது. தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீங்க. பூஞ்சை கிளை கிளையா படர்ந்திருந்தாலும் இதே கழுவல்தான்.

காஞ்சதும் பாலிப்ரொப்பிலீன் உறை, இல்லேன்னா கெட்டி டப்பா. டப்பாவுலேர்ந்து எடுக்கும்போது நடுக்குமிழை அழுத்திட்டு எடுங்க, வட்டை வளைச்சு எடுத்தா நடு ஓட்டையில விரிசல் விடும். நிக்க வெச்சு அடுக்குங்க. மூடி இறுக்கமா உள்ள பெட்டியில சிலிக்கா ஜெல்லோட 200 ரூபாய் ஈரமானி ஒண்ணும் போட்டு வைங்க. 50 சதவீதத்தைத் தாண்டினா ஜெல்லை வாணலியில மிதமான சூட்டுல வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடணும். ஐப்பசி, கார்த்திகையில சென்னையில ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேவைப்படும்.